கட்டானா வாள் வளைந்திருப்பது ஏன்?

சாமுராய் காலத்து ஜப்பானில் நடக்கும் வீடியோ கேம்களில் நம் கைக்கு வரும் கட்டானா வாளின் அழகான வளைவில் பெரும்பங்கு சுத்தியலுடையதல்ல, தண்ணீருடையது.

கொல்லர் களிமண் கலவையை வாளின் முதுகில் தடிமனாகவும் வெட்டும் விளிம்பில் மெல்லியதாகவும் பூசுவார். செக்கச்சிவக்கக் காய்ச்சி நீரில் முக்கியதும், விளிம்பு சட்டென்று குளிர்ந்து ‘மார்டென்சைட்’ ஆகிறது. மிகக் கடினமான இந்த எஃகு அமைப்புக்குக் கூடுதல் இடம் தேவை. மெதுவாகக் குளிரும் முதுகு அவ்வளவு விரிவதில்லை. அதனால் வாள் முதுகுப்பக்கமாக வளைகிறது. முதலில் எதிர்ப்பக்கம் குனிந்து, பிறகே இப்படித் திரும்புகிறது என்பது எத்தனை வியப்பு! அந்த நேரத்தில் விரிசல் விட்டால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண்.

கடினமான விளிம்பு கூர்மையை நெடுநாள் காக்கும். ஆனால் இன்னொரு வாளின் விளிம்போடு நேருக்கு நேர் மோதினால் சில்லு தெறிக்கும். விளையாட்டில் ஓயாமல் வாளால் வாளைத் தடுப்பதுபோல் நிஜத்தில் செய்தால் வாள் பாழ்.