பள்ளிக் கட்டடம்: பெற்றோரின் குரல் எப்போது ஒலிக்க வேண்டும்?

தோட்டத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி. படிப்பவர்கள் 25 பிள்ளைகள்தாம். சில மைல் தொலைவில், பட்டணத்தில் இன்னொரு தமிழ்ப்பள்ளி. அங்கே இடம் போதாமல் நூல்நிலையமும் வகுப்பறையாகிவிட்டது. மலேசியத் தமிழர்களுக்கு இக்காட்சி புதிதல்ல. கட்டடம் ஓரிடத்திலும் பிள்ளைகள் வேறோரிடத்திலும் இருக்கும் நிலை எப்படி வந்தது?

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் அமைக்க வேண்டும் என்று விதித்தது. எனவே, தொழிலாளர் குடியிருப்பு இருந்த இடத்தில் பள்ளியும் எழுந்தது. 1957இல் நாட்டில் 880க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. குடும்பங்கள் பட்டணம் நோக்கி நகர்ந்தன. பள்ளியோ இருந்த இடத்திலேயே நின்றது. இன்று எஞ்சியுள்ளவை 500க்குச் சற்று அதிகம்.

மூன்று கணக்குகள்

பள்ளிக் கட்டடத்தை நீண்ட கால நோக்கில் திட்டமிட மூன்று கணக்குகள் தேவை.

முதலாவது, பிள்ளைகளின் கணக்கு. இன்று பிறக்கும் குழந்தை ஒன்றாம் ஆண்டில் கால் வைக்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். ஆகவே, வட்டாரத்தில் எத்தனை குழந்தைகள் உள்ளனர், பாலர் பள்ளியில் எத்தனை பேர், புதிதாக எத்தனை வீடுகள் எழுகின்றன என்பதைப் பார்த்தாலே வரவிருக்கும் மாணவர் எண்ணிக்கை ஓரளவு புலப்படும். குறைவதையும் இக்கணக்கு காட்டும். 2000களில் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்த தமிழ்ப்பள்ளி மாணவர் தொகை இப்போது 80,000 அளவில் உள்ளது. எங்கு பார்த்தாலும் பெரிய கட்டடம் வேண்டும் என்று கேட்பது திட்டமிடல் ஆகாது.

இரண்டாவது, நிலத்தின் கணக்கு. அரசாங்க நிலத்தில் அமைந்த பள்ளிகள் முழு உதவி பெறுகின்றன. தோட்ட நிர்வாகத்துக்கோ, பள்ளி வாரியத்துக்கோ, ஆலயத்துக்கோ உரிய நிலத்தில் நிற்கும் பள்ளிகள் பகுதி உதவி பெறுபவை. நிலப்பட்டா யார் பெயரில் உள்ளது என்பது தெளிவாகாத வரை, புதிய கட்டடத்துக்கான பேச்சு நகராது.

மூன்றாவது, பணத்தின் கணக்கு. மலேசியத் திட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வகுக்கப்படுகிறது. 13ஆவது திட்டம் 2026 முதல் 2030 வரைக்குரியது. திட்டம் வகுக்கும் வேளையில் கோரிக்கை ஆயத்தமாக இல்லையென்றால் அடுத்த வாய்ப்புக்கு நெடுங்காலம் காத்திருக்க நேரலாம்.

காலம் கடந்த கூட்டம்

வகுப்பறை நிரம்பி, கூரை ஒழுகத் தொடங்கிய பிறகுதான் பல இடங்களில் கூட்டம் கூடுகிறது. ஆனால், பள்ளிக்கான நிலம் எங்கே ஒதுக்கப்படும் என்பது அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, தீபகற்ப மலேசியாவில் ஊராட்சி மன்றங்கள் தத்தம் பகுதிக்கு உள்ளூர்த் திட்டம் வரைகின்றன. வீடு, கடை, சாலை, பள்ளி எதற்கு எந்த நிலம் என்பதை அத்திட்டம் காட்டும். வரைவுத் திட்டம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். குறிப்பிட்ட காலத்துக்குள் எவரும் எழுத்து மூலம் கருத்தோ ஆட்சேபமோ தெரிவிக்கலாம். அக்காலம் கடந்து, திட்டமும் அரசிதழில் வெளியான பின்னர், வேறு பயன்பாட்டுக்கு ஒதுக்கிய நிலத்தைப் பள்ளிக்குப் பெறுவது மிகக் கடினம்.

பேச வேண்டியவர் யார்?

ஒரு குழந்தை தொடக்கப்பள்ளியில் இருப்பது ஆறு ஆண்டுகள். கட்டடமோ அரை நூற்றாண்டு நிற்கும். எனவே பெற்றோர் ஆசிரியர் சங்கம் மட்டும் பேசினால் போதாது. பாலர் பள்ளிப் பெற்றோர், முன்னாள் மாணவர்கள், பள்ளி வாரியம், ஆலய நிர்வாகம், குடியிருப்பாளர் சங்கம் ஆகியோரும் ஒரே மேசையில் அமர வேண்டும். தலைமையாசிரியர் மாறினாலும் சங்கப் பொறுப்பாளர் மாறினாலும் கணக்கும் கடிதங்களும் ஒரே கோப்பில் தொடர வேண்டும்.

கசப்பான ஒரு கேள்வியையும் அந்த மேசையில் எழுப்பியாக வேண்டும். பிள்ளைகள் குறைந்துபோன தோட்டப் பள்ளியை என்ன செய்வது? அதன் உரிமத்தை இந்தியர்கள் மிகுதியாக வாழும் புதிய குடியிருப்புக்கு மாற்றிக் கட்டடம் எழுப்பிய முன்மாதிரிகள் உண்டு. தாத்தாவும் பாட்டியும் படித்த பள்ளியை இடம் பெயர்ப்பது எளிதன்று. தோட்டத்தில் எஞ்சியிருக்கும் பிள்ளைகளுக்குப் பேருந்து வசதி வேண்டும் என்பதும் நியாயமான கேள்வியே. ஆனால், கடைசி மாணவர் வெளியேறும் வரை காத்திருந்தால் மாற்றுவதற்குப் பள்ளியே இருக்காது.

உள்ளூர்த் திட்ட அறிவிப்பு வெளிவரும் நாளில், பிள்ளைகளின் கணக்கும் நிலப்பட்டாவின் நகலும் கையில் இருக்கும் சமுதாயத்துக்கே பேசும் பலம் உண்டு. அந்தக் கோப்பைத் திறக்க வேண்டிய காலம், கூரை ஒழுகுவதற்கு முன்பே.