நெல் வயல் கிரேஃபிஷ் சொல்லித் தர்ற பணக் கணக்கு

எஸ்ஐபி-ல சேர்ந்த பணத்தை எடுத்துப் புது ஃபோன் வாங்கலாம்னு யோசிக்கிறீங்களா? ஒரு நிமிஷம் இருங்க.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துல நெல் வயல்லயே கிரேஃபிஷ் வளர்க்கிறாங்க. பார்க்க குட்டி சிங்கி இறால் மாதிரி இருக்கும். நெற்பயிர் நிக்கும்போதே தாய் கிரேஃபிஷை விடுவாங்க. அறுப்புக்காகத் தண்ணியை வடிச்சதும் அது வளை தோண்டிப் பதுங்கி, அங்கேயே முட்டையிடும். அறுவடைக்குப் பிறகு வயலை மறுபடி நிரப்பினா குஞ்சுகளோட வெளியே வரும். பொறி வெச்சுப் பிடிப்பாங்க. ஒரே நிலம், ரெண்டு வருமானம்!

எவ்வளவு பிடிக்கலாம்? இங்கதான் லாஜிஸ்டிக் மாடல் வருது. உதாரணத்துக்கு, வயல் தாங்குறது 1,000, வளர்ச்சி வேகம் 0.8. 100 இருந்தா வருஷத்துக்கு 72 கூடும். 500 இருந்தா 200. 900 இருந்தா மறுபடியும் 72தான். இரைக்கும் இடத்துக்கும் அவ்வளவு போட்டி. அப்போ 500-ஐ வெச்சுக்கிட்டு வருஷம் 200 பிடிச்சா காலத்துக்கும் வரும். பேராசைப்பட்டு 250 பிடிச்சா? அடுத்த வருஷம் 450, அப்புறம் 398, அப்புறம் 340... சீக்கிரமே வயல் காலி.

உங்க முதலீடும் இப்படித்தான். வளர்ச்சியை விட அதிகமா எடுத்தா முதலே கரையும். ஒரே வித்தியாசம், பணத்துக்கு இட நெருக்கடி கிடையாது.

இந்தக் கணக்குல வராத ஒண்ணும் இருக்கு. 2023 வறட்சியில வளைகள் காய்ஞ்சு ஏராளமான கிரேஃபிஷ் செத்துப்போச்சு. 2024 தொடக்கத்துல விலை எகிறியும் பல விவசாயிகள் கையில சரக்கு இல்ல.

உங்க வறட்சி, வேலை போறது. அதனால முதல்ல 6 மாசச் செலவைத் தனியா வைங்க. ஃபோன் அப்புறம் பார்த்துக்கலாம்.