ஒளிவாள் பட்டறை – 9
தீ கடந்த குழாய்

போன வாரம், நாம் செய்துவரும் ஓபி-வான் ஒளிவாளின் பிடியில் கிராஃப்ளெக்ஸ் கிளாம்ப்பை மாட்டி நிறுத்தியிருந்தோம். அதற்கு முந்தைய கதை வேண்டுவோர் பழைய இதழ்களைப் புரட்டிக்கொள்ளட்டும்; தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு நினைவிருக்கும்.

இந்த வாரம் வாளின் அலகைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் அலகுக்கு முன்னால், அலகு புறப்படும் வாயைச் செய்தாக வேண்டும். அந்த வாயைப் பற்றித் தேடப் போன இடத்தில் கிடைத்த ஒரு விஷயம் இந்த வாரம் முழுக்க என்னை வேறு எதையும் யோசிக்க விடவில்லை. ஆகவே அலகு காத்திருக்கட்டும்.

1977-இல் வந்த முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் ஓபி-வான் கெனோபி பிடித்த ஒளிவாள், நாயகன் லூக்கின் வாளைப் போல ஒரே பொருளின் மேல் ஒட்டுவேலை செய்து உருவானதல்ல. லூக்கின் வாளுக்கு கிராஃப்ளெக்ஸ் கேமரா ஃப்ளாஷ் கைப்பிடி கிட்டத்தட்ட முழுதாகவே கிடைத்தது. ஓபி-வானுடையது பல இடத்துப் பாகங்களின் கூட்டு. அடியில் இருக்கும் குமிழ் ஆர்மிடேஜ் ஷாங்ஸ் நிறுவனத்தின் குளியலறைக் குழாய்த் திருகு. அதற்கு மேல் பிரவுனிங் விமான இயந்திரத் துப்பாக்கியின் பூஸ்டர். பிறகு நம் கிளாம்ப். விரல் பதியும் வரிவரியான பிடி, முதல் உலகப் போரில் ரைஃபிளின் முனையிலிருந்து வீசப்பட்ட 3-ஆம் எண் எறிகுண்டின் உடல். உச்சியில், ஒளி புறப்படும் அந்த அகன்ற வாய், ரோல்ஸ்-ராய்ஸ் டெர்வென்ட் ஜெட் எஞ்சினின் பேலன்ஸ் பைப். ரசிகர்கள் பழைய புகைப்படங்களை வைத்து ஒப்பிட்டு ஒப்பிட்டு இவற்றை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள்.

இத்தனை நாளும் 'பேலன்ஸ் பைப்' என்று படித்துவிட்டுக் கடந்துபோவேன். ஏதோ ஒரு குழாய், எதையோ சமன் செய்கிறது, அவ்வளவுதான். இந்த வாரம்தான் அது எஞ்சினுக்குள் என்ன செய்தது என்று உட்கார்ந்து படித்தேன்.

டெர்வென்ட் அந்தக் காலத்து ஜெட் எஞ்சின். முன்னால் காற்றை உள்ளிழுத்து அழுத்தும் கம்ப்ரஸர், பின்னால் டர்பைன். நடுவில் எரிபொருள் எரியவேண்டிய இடம் ஒரே அறையாக இல்லை. எஞ்சினைச் சுற்றி வட்டமாக அடுக்கிய தனித்தனி உலோகக் கலன்கள். டெர்வென்ட் 5-இல் ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் தனியாக எரிபொருள், தனியாகக் காற்று, தனியாகச் சுடர். ஆனால் எஞ்சினைக் கிளப்பும்போது பற்றவைக்கும் பொறி ஒன்பதிலும் கிடையாது. இரண்டே கலன்களில்தான் உண்டு.

மற்றவை எப்படிப் பற்றிக்கொள்கின்றன? அங்கேதான் நம் குழாய் வருகிறது. பக்கத்துப் பக்கத்துக் கலன்களை இந்தக் குட்டைக் குழாய்கள் இணைக்கின்றன. பொறி பட்ட கலன் எரியத் தொடங்கியதும் அதற்குள் அழுத்தம் ஒரு கணம் ஏறுகிறது. பக்கத்துக் கலன் இன்னும் இருட்டாக, அழுத்தம் குறைவாக இருக்கிறது. அந்த வித்தியாசமே சுடரைக் குழாய் வழியாகத் தள்ளிவிடுகிறது. அது பற்றியதும் அங்கே அழுத்தம் ஏறி அடுத்ததற்குப் போகிறது. கார்த்திகைக்கு ஓர் அகலிலிருந்து அடுத்த அகலை ஏற்றுவதைப் போல வட்டம் முழுக்கத் தீ ஓடி முடிகிறது, கண் இமைப்பதற்குள். எல்லாம் எரியத் தொடங்கிய பிறகு அதே குழாய்கள் கலன்களுக்கிடையே அழுத்தம் ஏறாமல் இறங்காமல் பார்த்துக்கொள்கின்றன. பெயரில் உள்ள 'பேலன்ஸ்' இந்த இரண்டாவது வேலை. எனக்கு முதல் வேலைதான் முக்கியம்.

ஓபி-வானின் வாளில் ஒளி புறப்படும் வாய், அதன் முந்தைய பிறவியில் தீ புறப்படும் வாயாகவே இருந்திருக்கிறது. ஒரு கலனிலிருந்து அடுத்த கலனுக்குச் சுடரைக் கொண்டுபோவதற்கென்றே ஒரு பொறியாளர் வரைந்து, ஒரு தொழிலாளி கடைந்து, சோதித்து முத்திரை குத்திய பொருள் அது. சுடரின் நடுப்பகுதி 2000 டிகிரி செல்சியஸ் அளவை எட்டும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த உலோகம். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து போய், மேஜைமேல் கிடந்த அலுமினிய ராடைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டெர்வென்ட் என்பது டெர்பி நகரத்து ஆறு. ரோல்ஸ்-ராய்ஸ் தன் ஜெட் எஞ்சின்கள் பலவற்றுக்கு ஆறுகளின் பெயரையே வைத்தது: வெல்லண்ட், டெர்வென்ட், நீன், ஏவன், ஸ்பே. பிஸ்டன் எஞ்சின் விட்டு விட்டுத் துடிக்கும். ஜெட் ஒரே ஒழுக்காக ஓடும் என்பதுதான் காரணம். எஞ்சின் தொழிற்சாலையில் இவ்வளவு அழகாக யோசித்துப் பெயர் வைத்தவரை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

அந்த எஞ்சின் ரோல்ஸ்-ராய்ஸ் கைக்கு வந்ததே ஒரு சாப்பாட்டு மேஜையில். ஃபிராங்க் விட்டில் வடிவமைத்த ஜெட்டை உற்பத்தி செய்யும் பொறுப்பு முதலில் ரோவர் கார் நிறுவனத்திடம் இருந்தது. வேலை நகரவில்லை, விட்டிலுக்கும் ரோவருக்கும் ஒத்தும் போகவில்லை. 1942 கடைசியில் கிளிதரோ என்ற ஊரில் ஒரு விடுதியில் ரோல்ஸ்-ராய்ஸின் ஹைவ்ஸும் ரோவரின் வில்க்ஸும் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். ஜெட் வேலையை எங்களிடம் கொடுத்துவிடுங்கள், எங்கள் டாங்க் எஞ்சின் தொழிற்சாலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஹைவ்ஸ் கேட்டார். அங்கேயே பேசி முடித்துவிட்டார்கள். அந்த டாங்க் எஞ்சினின் பெயர் மீட்டியார். டெர்வென்ட் பொருத்திப் பறந்த போர் விமானத்தின் பெயரும் மீட்டியார்தான், குளோஸ்டர் மீட்டியார். 1945 நவம்பர் 7 அன்று இரண்டு டெர்வென்ட் 5 எஞ்சின்களோடு ஒரு மீட்டியார் மணிக்கு 606 மைல் பறந்து உலக வேகச் சாதனை படைத்தது.

அடுத்த சில பத்தாண்டுகளில் அந்த எஞ்சின்களுக்குக் காலம் முடிந்துவிட்டது. எடைக்குப் போட்டுவிட்டார்கள். இங்கிலாந்தின் காயலான் கடைகளில் விமான உதிரிகள் குவிந்தன.

1976-இல் எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் ஸ்டார் வார்ஸுக்கு அரங்கம் அமைத்துக்கொண்டிருந்தபோது பணம் இறுக்கம். அரங்கப் பொருள்களுக்குப் பொறுப்பாக இருந்த ராஜர் கிறிஸ்டியன், பழைய விமான உதிரிகளை எடைக்கு வாங்கிப் பிரித்து அவற்றால் சுவர்களையும் கருவிகளையும் நிரப்பலாம் என்றார். ஜார்ஜ் லூகாஸுக்கு வேண்டியிருந்ததும் அதுதான்: நேற்றுக் கடையில் வாங்கியதுபோல் பளபளக்காத, பல கை பட்டுத் தேய்ந்த ஒரு உலகம். மில்லேனியம் ஃபால்கன் கப்பலின் உட்புறம் அப்படி உருவானது. கிறிஸ்டியனும் அவரோடு வேலை செய்த கலை இயக்குநர்களும் அதற்கு ஆஸ்கர் வாங்கினார்கள்.

நம் டெர்வென்ட்டின் இன்னொரு பாகமும் அந்தப் படத்தில் இருக்கிறது. சுடர் எரியும் கலனின் உள்ளே ஓட்டை ஓட்டையாக ஒரு உருளை இருக்கும். உள்ளே வரும் காற்றில் ஒரு பங்குதான் எரிவதற்கு. மீதி அந்த ஓட்டைகள் வழியே புகுந்து உலோகத்தையும் வாயுவையும் குளிர்விப்பதற்கு. அந்த உருளையை மதுக்கடைக் காட்சியில் பானம் ஊற்றும் கருவியாக நிறுத்தினார்கள். 1980-இல் வெளிவந்த 'எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக்' படத்தில் அதுவே ஐ.ஜி.-88 என்ற கூலிக்கொலை ரோபோவின் தலையாகிவிட்டது. ஆக, தீயைக் கொண்டுபோகும் குழாய் ஜெடாயின் கையிலும், தீ எரியும் உருளை கொலைகாரன் தோளிலும் போய்ச் சேர்ந்திருக்கின்றன. இரண்டும் ஒரே வகை எஞ்சினின் உறுப்புகள்.

அந்த வாளைப் பிடித்த அலெக் கின்னஸ், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படையில் இருந்தவர். 1943-இல் சிசிலிப் படையெடுப்பில் படை இறக்கும் கலம் ஒன்றை நடத்தியவர். இரண்டு போர்களின் உதிரிகளால் ஆன அந்தப் பிடியை அவர் கையில் பார்க்கும்போது எனக்கு அது பொம்மையாகத் தெரிவதே இல்லை.

இங்கே என் நம்பிக்கை ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தத் தொடரை நான் எழுதுவதே அதற்காகத்தான். காகிதத்தில் கற்பனையாக வரைந்து செய்த எத்தனையோ ஒளிவாள்கள் பிறகு வந்தன. அவற்றில் வளைவுகள் அழகுக்காக இருக்கும், வரிகள் அலங்காரத்துக்காக இருக்கும். கண் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நகர்ந்துவிடும். ஓபி-வானின் வாளில் கண் நின்றுவிடுகிறது. ஏனென்றால் அதில் உள்ள ஒவ்வொரு விளிம்பும் ஏதோ ஒரு வேலைக்காகப் பிறந்தது. குண்டின் வரிகள் சிதறுவதற்காக வெட்டப்பட்டவை. குழாய்த் திருகின் மேடுகள் ஈரக்கை வழுக்காமல் இருப்பதற்காக. என்ன வேலை என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. ஆனால் வேலை இருந்தது என்பது தெரிந்துவிடுகிறது. ஆகவே நாம் அதைப் பட்டறையில் மறுபடி செய்யும்போதும், அசல் என்ன செய்தது என்று தெரிந்துகொண்டு செய்தால்தான் அந்த உயிர் வரும்.

இது நான் மட்டும் சொல்வதல்ல. கோவை கணபதியில் எனக்குக் கடைசல் வேலை செய்துதரும் லேத்கார அண்ணனும் தன் பாஷையில் இதையேதான் சொன்னார். 50 எம்.எம். அலுமினிய ராடைச் சக்கில் பிடித்து ஃபேசிங் முடித்துவிட்டு, படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"ஏனுங்க சார், இந்த வாய் எதுல போய் உக்காருதுங்க?"

"இப்ப எதுலயும் உக்காராதுங்கண்ணா. பார்வைக்குத்தான்."

"பார்வைக்குன்னா எப்படி வேணாலும் கடைஞ்சு குடுத்தறலாமுங்க. ஒன்னுல போய் உக்காருதுன்னாத்தான் எங்க கணக்கா நிறுத்தோணும்னு தெரியும்."

எஞ்சினின் படத்தைப் போனில் காட்டி, கலன்கள், நடுவில் குழாய், தீ போகும் வழி எல்லாம் சொன்னேன். லேத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அப்ப இந்த முகம் சீட்டிங்குங்க. பிளாட்டா நிக்கோணும். ஓரத்துல சேம்பர் லேசாத் தட்டினாப் போதும், உருட்டப்படாது" என்றவர் உடனே டூலை மாற்றினார்.

அதற்குப் பிறகு அவர் வேலை செய்த விதமே வேறு. அலுமினியம் மென்மையான உலோகம், பிட்டின் நுனியில் அப்பிக்கொள்ளும். அப்பினால் பரப்பு முழுக்கக் கீறல் விழும். அதற்கு மண்ணெண்ணெயைப் பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு வைத்தார். வெள்ளைச் சுருள் நீளமாகக் கழன்று டிரேயில் விழுந்துகொண்டே இருந்தது. வெளிவளைவு முடிந்ததும் போரிங் பாரை உள்ளே விட்டு வாயின் உட்புறத்தை அகலமாகத் தொடங்கிக் கழுத்தை நோக்கிச் சிறுக்கும்படி எடுத்தார். ஒவ்வொரு வெட்டுக்கும் வெர்னியரை வைத்துப் பார்த்தார். கடைசியில் எமரி தாளை நீட்டியபோது விளிம்புக்கு மட்டும் வேண்டாம் என்று கையைத் தடுத்துவிட்டார். சீட்டிங் முகத்தில் எமரி போட்டால் ஓரம் மழுங்கிவிடுமாம். எதிலும் போய் உட்காரப் போகாத அந்த முகம் இப்போது கண்ணாடிமேல் வைத்தால் ஆடாமல் நிற்கிறது. படத்தில் உள்ள வாளின் உச்சியில் தெரியும் அந்தக் கறாரான ஓரம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

வாயின் உட்புறத்தைப் பளபளவென்று விட எனக்கு மனம் வரவில்லை. தீ போய் வந்த வழி அல்லவா! பைக் சைலன்சருக்கு அடிக்கும் ஹீட்ப்ரூஃப் கறுப்புப் பெயின்ட்டை உள்ளே மட்டும் அடித்து, காய்வதற்கு முன் காட்டன் வேஸ்ட்டால் துடைத்தெடுத்தேன். டூல் போட்ட மெல்லிய வரிகளுக்குள் கறுப்பு தங்கிவிட்டது, மேட்டில் உலோகம் வெளியே தெரிகிறது. ஆழத்தில் கருமை கூடி, வாய்ப்பக்கம் வர வர வெளுக்கிறது. சாயம் பூசியதுபோல் தெரிய வேண்டாம் என்றால் ஒரே அடியில் நிறுத்திவிட வேண்டும். இரண்டாவது முறை அடித்தால் வரிகள் மூடிவிடும்.

அலகுக்கு வருவோம். எல்ஸ்ட்ரீயில் சண்டைக் காட்சிக்கு வைத்திருந்த வாள்களில் ஒரு கழியைச் சுற்றி ஸ்காட்ச்லைட் ஒட்டியிருந்தார்கள்; சாலைப் பலகைகளில் பயன்படும், வந்த திசைக்கே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் அதே வகைப் பொருள். கைப்பிடிக்குள் மோட்டார் வைத்துக் கழியைச் சுழற்றினார்கள். கேமராவுக்கு முன்னால் பாதி ஊடுருவும் கண்ணாடி வைத்து விளக்கடித்தார்கள். அது போதவில்லை, மேலே கையால் வரைந்துதான் ஒளியைக் கூட்டினார்கள். அந்த வரைவையும் அதில் உள்ள நடுக்கத்தையும் தந்த நெல்சன் ஷின் என்ற கொரிய அனிமேட்டரைப் பற்றி எழுத எனக்கு ஒரு பக்கம் தனியாக வேண்டும்.

நாம் செய்யும் வாளில் மோட்டார் கிடையாது. ஒரு அங்குலப் பாலிகார்பனேட் குழாய்க்குள் எல்.இ.டி. பட்டை. குழாய் வாய்க்குள் உட்கார்ந்துவிடும், அதற்கு இடம் இருக்கிறது. சிக்கல் கழுத்தில்தான். ஓபி-வானின் வாளுக்கு வாயின் கீழே கழுத்து மிகவும் ஒல்லி, பேட்டரியோ பிடிக்குள். பிளஸ், மைனஸ், டேட்டா என்று மூன்று ஒயர் அந்தக் கழுத்தைத் தாண்டி மேலே வர வேண்டும். பட்டை முழுதாக எரியும்போது மின்சாரம் கூடுதலாகப் பாயும் என்பதால் பிளஸும் மைனஸும் தடித்த ஒயராக இருக்க வேண்டும். கழுத்தை அதிகம் குடைந்தால், குழாயை மாட்டி வீசும்போது அந்த இடத்தில்தான் ஒடியும். கழுத்தை மட்டும் அலுமினியத்துக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கடையலாம் என்கிறார் லேத்கார அண்ணன். எனக்குப் பித்தளை மேல் ஒரு கண். இரண்டிலும் ஒவ்வொரு துண்டு வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் இரண்டையும் குடைந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

(தொடரும்)