குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம்

ஃபீனைல்கீட்டோனூரியா என்ற நோயுள்ள குழந்தையைப் பிறந்த அன்று யார் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. எடை இருக்கும், அழுகை இருக்கும், பாலும் நன்றாகக் குடிக்கும். கேடு தொடங்குவது அந்தப் பாலில்தான்.

பால், பருப்பு, முட்டை, இறைச்சி என எந்தப் புரதத்திலும் ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. உடம்பு வளர அது வேண்டும். தேவைக்கு மிஞ்சியதைக் கல்லீரலில் உள்ள ஒரு நொதி டைரோசின் என்ற வேறொரு அமினோ அமிலமாக மாற்றிவிடும். இந்த நோயில் அந்த நொதி வேலை செய்வதில்லை. கருவில் இருந்தவரை, மிஞ்சியதைத் தாயின் உடம்பு பார்த்துக்கொண்டது. பிறந்தபின் அது குழந்தையின் ரத்தத்தில் தேங்கி, வளர்ந்துகொண்டிருக்கும் மூளையைப் பாதிக்கிறது. சில மாதங்களில் வளர்ச்சி பின்தங்கும், வலிப்பும் வரலாம். முடிக்கும் தோலுக்கும் நிறம் தரும் மெலனின் டைரோசினிலிருந்து உருவாவதால், குழந்தை வீட்டில் மற்றவர்களைவிட வெளிறித் தெரியும். சிறுநீரில் ஒருவிதப் பூஞ்சண வாடை வீசும்.

அந்த வாடையை விடாமல் துரத்திய ஒரு தாயால்தான் இந்த நோய் உலகுக்குத் தெரிந்தது. நார்வேயைச் சேர்ந்த அவருக்கு ஒரு மகள், ஒரு மகன். இருவருக்குமே மூளை வளர்ச்சி இல்லை. பார்த்த மருத்துவர்களில் யாரிடமும் விளக்கம் இல்லை. 1934இல் ஒஸ்லோவில் ஆஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவரிடம் போனார். ஃபோலிங் வேதியியலும் படித்தவர் என்பது அந்தக் குடும்பத்துக்கு வாய்த்த நல்ல காலம். குழந்தைகளின் சிறுநீரில் அவர் ஃபெரிக் குளோரைடைச் சேர்த்தபோது, அது யாரும் எதிர்பாராத கரும்பச்சையாக மாறியது. மருந்துகளை எல்லாம் நிறுத்தச் சொல்லி மீண்டும் சோதித்தார். அப்போதும் பச்சைதான். ஏறக்குறைய 20 லிட்டர் சிறுநீரைச் சேர்த்துச் சுத்திகரித்து, அந்த நிறத்துக்குக் காரணம் ஃபீனைல்பைருவிக் அமிலம் என்று காட்டினார். பிறகு காப்பகங்களில் இருந்த 430 பேரைச் சோதித்ததில் இன்னும் 8 பேர் அகப்பட்டார்கள். மனவளர்ச்சிக் குறைபாட்டுக்குப் பின்னால் தெளிவான வேதியியல் காரணம் இருக்கக்கூடும் என்பதே அன்றைக்குப் பெரிய செய்தி.

காரணம் தெரிந்தும் மருந்து இல்லாமலேயே கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் ஓடின. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் இன்னொரு தாய், ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று தினமும் காலையில் மருத்துவமனை ஆய்வகத்துக்கு வந்து நின்றார். அவருடைய இரண்டு வயது மகளால் நிற்கவோ நடக்கவோ முடியாது. தலையைத் தரையில் முட்டிக்கொண்டே இருப்பாள். அங்கிருந்த மருத்துவர் ஹார்ஸ்ட் பிக்கலும் அவருடைய சகாக்களும் பால் புரதத்தைச் சிதைத்துக் கரியில் வடிகட்டி, ஃபீனைல்அலனின் நீங்கிய ஒரு பாலைத் தயாரித்துக் கொடுத்தார்கள். சில மாதங்களில் அவள் தவழ்ந்தாள், நின்றாள், முட்டிக்கொள்வதும் நின்றது. முன்னேற்றத்துக்கு உணவுதான் காரணமா என்று உறுதிசெய்ய, தாய்க்குத் தெரியாமல் அந்தப் பாலில் ஃபீனைல்அலனினைக் கலந்து கொடுத்தார்கள். குழந்தை பழைய நிலைக்குச் சரிவதை முதலில் கண்டு சொன்னவர் அந்தத் தாய். சொல்லாமல் கலந்ததை நியாயப்படுத்த முடியாது; இன்று எந்த மருத்துவமனையும் அதை அனுமதிக்காது. ஆனால் 1953இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு இந்த நோய்க்கு உணவே மருந்து என்பதில் சந்தேகம் இல்லாமல் போயிற்று.

கெட்டுப்போன மூளையை எந்த உணவாலும் முழுதாக மீட்க முடியாது. பிறந்த சில நாட்களிலேயே தெரிந்தாக வேண்டும். இதற்கு வழி கண்டவர் அமெரிக்காவின் ராபர்ட் கத்ரி. அவருடைய உறவில் ஒரு பெண் குழந்தைக்கே இந்த நோய் இருந்தது. குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தை வடிதாளில் உலர்த்தி, அதில் ஒரு சிறு வட்டத்தை வெட்டி, பாக்டீரியா வளரும் தட்டில் வைத்தார். அந்தத் தட்டில் பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கும் ஒரு பொருள் கலந்திருக்கும். ரத்தத்தில் ஃபீனைல்அலனின் மிகுந்திருந்தால் மட்டும் தடையை மீறி வட்டத்தைச் சுற்றிப் பாக்டீரியா வளரும். செலவு சொற்பம், உலர்ந்த தாளைத் தபாலிலேயே அனுப்பலாம். 1960களின் தொடக்கத்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்ததில் 39 பேருக்கு நோய் தெரிந்தது. இன்று பல நாடுகளில் பல நோய்களுக்காக நடக்கும் பச்சிளங்குழந்தைப் பரிசோதனை எல்லாம் இந்த வடிதாளிலிருந்து வந்ததுதான்.

சோதனையில் தெரியவந்த குழந்தைக்குச் சிறப்புப் பால்மாவோடு தாய்ப்பாலையும் அளந்து கொடுக்கலாம். ஃபீனைல்அலனினை அடியோடு நிறுத்தினாலும் வளர்ச்சி கெடும் என்பதால், அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்து அளவை நிர்ணயிப்பார்கள். வளர்ந்தபின் பருப்பு, பால், முட்டை, மீன், இறைச்சி கிடையாது. சோற்றுக்கும் கணக்கு உண்டு. சர்க்கரை இல்லாத கோலா புட்டிகளில் ஃபீனைல்கீட்டோனூரியா உள்ளவர்களுக்கு இது ஆகாது என்ற எச்சரிக்கையைப் பொடி எழுத்தில் பார்த்திருப்பீர்கள். அதில் சேர்க்கும் அஸ்பர்டேம் என்ற இனிப்பூட்டி குடலில் சிதையும்போது ஃபீனைல்அலனின் வெளிவருகிறது.

பள்ளி வயதோடு பத்தியத்தை நிறுத்திவிடலாம் என்று முன்பு நினைத்தார்கள். அதற்கான விலையை அடுத்த தலைமுறை கொடுத்தது. அப்படி நிறுத்திய பெண்கள் கருவுற்றபோது, அவர்களுடைய ரத்தத்தில் மிகுந்த ஃபீனைல்அலனின், நோயே இல்லாத கருவின் மூளையையும் இதயத்தையும் பாதித்தது. இப்போது பத்தியம் வாழ்நாள் முழுவதற்கும். கருத்தரிக்கும் முன்பே அதை இன்னும் இறுக்கமாக்குகிறார்கள்.

இந்த நோய்க்கான மரபணு 12ஆம் குரோமோசோமில் இருக்கிறது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய். ஒன்று மட்டும் உள்ளவர் நலமாகவே இருப்பார், அவருக்கே அது தெரியாது. அப்படிப்பட்ட இருவர் மணந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நோய்க்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. அத்தை மகள், மாமன் மகன் என்று சொந்தத்தில் முடிக்கும் நம் குடும்பங்களில், ஒரே தாத்தாவின் பழுதான பிரதி இருவரிடமும் இருக்க வாய்ப்பு அதிகம். 2021இல் வெளியான இந்தியாவின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை, சிறப்பு உணவால் சமாளிக்கக்கூடிய நோய்களில் இதையும் சேர்த்திருக்கிறது. ஆனால் நம் நாட்டில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தச் சோதனை இன்னும் கிடைக்கவில்லை. பிரசவத்துக்குச் சேரும்போதே, குதிகால் ரத்தப் பரிசோதனை உண்டா, எந்தெந்த நோய்களுக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிறந்தவுடன் எடுத்தால் நோய் அகப்படாமல் போகலாம். குழந்தை பால் குடிக்கத் தொடங்கி ஒரு நாளாவது கழிந்தபின் எடுக்கச் சொல்லுங்கள்.