ஓய்வுக்காலத்துக்கு எந்த ஊர்? திருச்சியை வைத்து ஒரு கணக்கு

வளைகுடாவிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் பல ஆண்டுகள் உழைத்துத் திரும்புகிறவர்கள், சென்னையில் வேலை முடித்து ஓய்வு பெறுகிறவர்கள், பிள்ளைகள் வெளியூரில் இருக்க ஊரில் பெரிய வீட்டில் இரண்டே பேராக இருக்கும் அத்தாவும் அம்மாவும். இந்த மூன்று வகைக் குடும்பங்களிலும் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு: “பேசாமல் திருச்சியில் போய் இருந்துவிடலாமா?”

அந்தப் பேச்சில் நியாயம் இருக்கிறது. தமிழகத்தின் நடுவில் இருக்கிறது திருச்சி. கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், ராஜகிரி, லெப்பைக்குடிக்காடு என நம் மக்கள் நிறைந்த ஊர்களுக்கெல்லாம் இதுதான் பக்கத்து விமான நிலையம். அதன் புதிய முனையம் 2024 ஜனவரி 2 அன்று திறக்கப்பட்டது. சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாயிலிருந்து பிள்ளைகள் நேராக வந்து இறங்கலாம். சென்னைக்கும் மதுரைக்கும் ரயிலுக்குப் பஞ்சமில்லை. குடிக்கக் காவிரித் தண்ணீர் வருகிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை புத்தூரில் இருக்கிறது. தில்லைநகர் பக்கம் தனியார் மருத்துவமனைகள் வரிசையாக இருக்கின்றன. வீட்டு வாடகையும் சென்னையைவிடக் குறைவு.

ஆனால் வாடகை குறைவு என்பதை மட்டும் வைத்து ஊரை முடிவு செய்துவிட முடியாது. 60 வயதில் இருவருமாகக் குடிபுகும் வீட்டில், ஒருநாள் இருவரில் ஒருவர் மட்டுமே இருப்பார். அவரால் வண்டி ஓட்ட முடியாது. மாடிப்படி ஏற முடியாது. அந்த நாளிலும் தாங்கக்கூடிய ஊரும் வீடும்தான் உண்மையில் மலிவானவை. அந்தக் கண்ணோடு திருச்சியைப் பார்ப்போம்.

ஸ்ரீரங்கத்தில் நடப்பது என்ன?

ஓய்வுக்காலத்துக்கு ஊர் தேர்ந்தெடுப்பதில் பழக்கப்பட்டவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் தீவாக இருக்கும் ஸ்ரீரங்கத்துக்கு, வேலை முடிந்த வைணவக் குடும்பங்கள் வெகுகாலமாகவே வந்து குடியேறுகின்றன. சென்னை, மும்பை, ஏன் அமெரிக்காவிலிருக்கும் பிள்ளைகள்கூட பெற்றோருக்காக அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்கித் தருகிறார்கள். அதனால் ஸ்ரீரங்கம் இப்போது மலிவான இடமும் அல்ல.

விலை கூடினாலும் அவர்கள் அங்கேயே வருவதற்குக் காரணம், கோயிலுக்கு நடந்து போக முடிகிறது என்பதுதான். ஏழு சுற்று மதில்களில் வெளிச்சுற்றுகள் வீடும் கடையுமாக இருப்பதால், தள்ளாத வயதிலும் வழிபாடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதைச் சுற்றியே மருந்துக்கடை, சாப்பாடு கொண்டுவந்து தருபவர், பேச்சுத்துணை எல்லாம் அமைந்துவிட்டன.

அந்த வீதிகளில் சைவ உணவுக்காரர்களுக்கு மட்டுமே வீடு என்று கேட்பது வழக்கம். நம் குடும்பங்கள் பெரும்பாலும் ஆற்றுக்குத் தெற்கே நகருக்குள்தான் வீடு தேடுகின்றன. ஆனால் அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் நமக்கும் பொருந்தும். சொல்லப்போனால் நமக்கு அது இன்னும் அவசியம். நமக்கு நாளொன்றுக்கு ஐந்து முறை அழைப்பு வருகிறது.

வட்டி இல்லாத கணக்கு

ஓய்வுக்காலத்துக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்று பத்திரிகைகளில் வரும் கணக்குகள் எல்லாம் வட்டியை நம்பிப் போடப்பட்டவை. அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் ரூபாய் வரை போடலாம் என்று 2023-இல் வரம்பை உயர்த்தினார்கள். 8.2 சதவீத வட்டியில் அது மாதம் 20,500 ரூபாய்க்குச் சமம். பக்கத்து வீட்டு ஓய்வூதியர் அந்தத் தொகையை வைத்து வாடகையும் மளிகையும் பார்த்துக்கொள்கிறார். வட்டியைத் தொடாத குடும்பத்துக்கு அந்த வரவு கிடையாது. வெளிநாட்டில் உழைத்து வந்த பலருக்கு ஓய்வூதியமும் கிடையாது.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். கையில் 40 லட்சம் இருக்கிறது. வாடகை 10,000, மற்ற செலவு 20,000 என்று வைத்தால் ஆண்டுக்கு 3,60,000 ரூபாய் போகும். மீதிப் பணத்துக்கு ஆண்டுதோறும் இரண்டரை சதவீதம் ஜகாத் உண்டு. விலைவாசி ஒரு ரூபாய்கூட ஏறவில்லை என்று வைத்துக்கொண்டாலும், பத்தாம் ஆண்டு முடிவதற்குள் பணம் தீர்ந்துவிடும். அப்போது அவருக்கு வயது 70.

சரி, முழுப் பணத்துக்கும் வீடு வாங்கிவிடலாம் என்றால், குடியிருக்க வீடு இருக்கும்; சாப்பாட்டுக்குப் பிள்ளைகளை எதிர்பார்க்க வேண்டும்.

நம் முன்னோர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். கீழே தாங்கள் குடியிருந்துகொண்டு, மேலே ஒரு போர்ஷனையோ முன்னால் ஒரு கடையையோ வாடகைக்கு விடுவார்கள். குடியிருக்கும் வீட்டுக்கு ஜகாத் இல்லை. வாடகைக்கு விட்ட கட்டடத்தின் மதிப்புக்கும் இல்லை. வாடகையில் செலவு போக சேர்ந்து நிற்கும் பணத்துக்குத்தான் உண்டு என்பது பெரும்பாலான ஆலிம்களின் கருத்து. அதனால் முதல் குறையாமல் மாத வரவு வரும். இந்த வழிக்குத் திருச்சி ஏற்ற ஊர். 1951-இல் தொடங்கிய ஜமால் முகமது கல்லூரி, துவாக்குடியில் என்.ஐ.டி., பெல் தொழிற்சாலை, பொன்மலை ரயில்வே பணிமனை, மருத்துவமனைகள் என்று இருப்பதால் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். நகரத்திலிருந்து வெகுதூரத்தில் மலிவாகக் கிடைக்கும் பெரிய வீட்டைவிட, பழைய பகுதியில் ஒரு போர்ஷன் வாடகைக்குப் போகும் சிறிய வீடு பல குடும்பங்களுக்கு ஆதாயமாக இருக்கும்.

ஒத்தி வீடு ஆதாயமா?

திருச்சியில் வீடு தேடினால் தரகர் முதலில் சொல்வது, “ஒத்திக்குப் போய்விடுங்கள் பாய், மாத வாடகையே வேண்டாம்” என்பதுதான். சில லட்சங்களை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வாடகையின்றிக் குடியிருந்து, காலி செய்யும்போது முழுப் பணத்தையும் திரும்பப் பெறுவதுதான் ஒத்தி. லீஸ் என்றும் போக்கியம் என்றும் சொல்வார்கள். கையில் பணத்தோடு வருகிறவருக்கு இதைவிட மலிவான வழி இல்லை என்றுதான் தோன்றும்.

இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று மார்க்கம். கொடுத்த பணம் முழுதும் திரும்பி வருவதால் அது கடன். கடன் கொடுத்தவர் அதற்காக வீட்டை இலவசமாக அனுபவிப்பது வட்டியின் வகையில் சேரும் என்றே ஆலிம்கள் பலரும் சொல்கிறார்கள். முன்பணம் கொடுத்து, நியாயமான மாத வாடகையும் பேசிக்கொள்வது இதிலிருந்து விலகும் வழி. உங்கள் மஹல்லா ஆலிமிடம் விவரத்தைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றது பாதுகாப்பு. வீட்டுக்காரர் அந்தப் பணத்தைச் செலவழித்துவிட்டால் திரும்ப வாங்குவது பெரும்பாடு. அந்த வீடு ஏற்கனவே வங்கியில் அடமானத்தில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். வாழ்நாள் சேமிப்பைப் பதிவு செய்யாத ஒரு தாளின் பேரில் கொடுத்துவிட்டு, 70 வயதில் அலைய முடியாது.

எந்தப் பகுதி?

பாலக்கரை, ஆழ்வார்தோப்பு, பீமநகர், மரக்கடை, காஜாமலை ஆகியவை நம் மக்கள் தலைமுறைகளாக வாழும் பகுதிகள். பழைய பகுதிகளில் சந்து குறுகல், நெரிசல் அதிகம். ஆனால் பள்ளிவாசல், கறிக்கடை, மருந்துக்கடை, ஆட்டோ எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கும். புறநகரில் மனை மலிவு, காற்றோட்டம் உண்டு. ஃபஜ்ருக்குப் பள்ளிக்குப் போகவே வண்டி எடுக்க வேண்டியிருக்கும். எதை எடுத்தாலும் முன்பணம் கொடுப்பதற்கு முன் இவற்றைப் பாருங்கள்.

முதலாவது, நடை. வீட்டிலிருந்து பள்ளிக்கு ஃபஜ்ர் நேரத்தில் ஒரு முறையும் இஷாவுக்கு ஒரு முறையும் நடந்து பாருங்கள். தெருவிளக்கு, நாய்த் தொல்லை, கடக்க வேண்டிய பெரிய சாலை எல்லாம் அப்போதுதான் தெரியும். பெண்கள் தனியாக நடந்து மருந்துக்கடைக்குப் போய்வர முடிகிறதா என்பதையும் பாருங்கள்.

இரண்டாவது, மருத்துவமனைக்குப் போகும் வழி. திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் இணைக்கும் காவிரிப் பாலம் பழுதுபார்ப்புக்காக 2022 செப்டம்பரில் மூடப்பட்டு, 2023 மார்ச்சில்தான் திறக்கப்பட்டது. அந்த மாதங்களில் கார்களும் பேருந்துகளும் நெடுஞ்சாலைப் பாலம் வழியாகச் சுற்றி வந்தன. ஒரே ஒரு பாலத்தையோ ரயில்வே கேட்டையோ நம்பியிருக்கும் வீடு, இரவு நேர நெஞ்சுவலிக்கு உதவாது.

மூன்றாவது, வெள்ளம். 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வந்த வெள்ளத்தில் பழைய இரும்புப் பாலத்தின் தூண்களே இடிந்தன. 2005 நவம்பரில் நகரின் தாழ்வான பகுதிகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தரகரிடம் கேட்காதீர்கள், அதே தெருவில் பல ஆண்டுகளாக இருக்கும் ஒருவரிடம், எதுவரை தண்ணீர் வந்தது என்று கேளுங்கள்.

நான்காவது, தரைத்தளம். முட்டி வலி வராத வீடு நம்மில் குறைவு. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி விலை குறைவாகத்தான் இருக்கும்.

மருத்துவச் செலவில் ஓர் ஆறுதல் உண்டு. 70 வயதைக் கடந்தவர்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை வழங்கும் மத்திய அரசுத் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கியது. நீங்கள் போக நினைக்கும் மருத்துவமனை அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஜமாஅத்தும் மையவாடியும்

வீட்டுத் தரகர் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. நாம் எந்த மஹல்லாவைச் சேர்ந்தவர்களாக இருப்போம்?

சொந்த ஊரில் பிறந்ததாலேயே ஜமாஅத்தில் இடம் இருந்தது. புது ஊரில் அது தானாக வராது. குடிபோன முதல் மாதமே பள்ளி நிர்வாகத்தைச் சந்தித்து, பெயரைப் பதிந்து, சந்தா கட்டத் தொடங்க வேண்டும். ஊர் ஜமாஅத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கி வந்தால் வேலை எளிது. ஜனாஸா நேர்ந்தால் அடக்கம் எந்த மையவாடியில், அதற்கான நடைமுறை என்ன என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதற்குச் சங்கடமாக இருக்கும். ஆனால் அப்போது கேட்காவிட்டால், வெளிநாட்டிலிருந்து ஓடி வரும் மகன் அழுதுகொண்டே கேட்க வேண்டியிருக்கும்.

சிலர் ஊரிலேயே அடக்கமாக விரும்புவார்கள். ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவுக்குச் சென்னைச் சேப்பாக்கத்தில் அரண்மனை இருந்தது. 1795-இல் அவர் வஃபாத்தான பிறகு அடக்கம் செய்யப்பட்டதோ திருச்சியில். நவாபின் விருப்பத்தை நிறைவேற்ற ஆட்கள் இருந்தார்கள். நம் விருப்பத்தைப் பிள்ளைகளிடம் நாம்தான் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

வீடு யார் பெயரில்?

இது எல்லாவற்றையும்விட முக்கியமானது. பெரும்பாலான வீடுகளில் முழுச் சேமிப்பையும் போட்டு வீடு வாங்கி, கணவர் பெயரில் மட்டும் பத்திரம் செய்கிறோம். அவர் முதலில் மவுத்தானால், பிள்ளைகள் இருக்கும் நிலையில் மனைவியின் பங்கு எட்டில் ஒன்று. 40 லட்ச ரூபாய் வீட்டில் அது 5 லட்சம். மீதி மற்ற வாரிசுகளுக்கு உரியது. தாயைப் பராமரிக்கும் கடமை பிள்ளைகள் மேல் இருக்கிறது. நல்ல பிள்ளைகள் வீட்டை விற்கக் கேட்கமாட்டார்கள். ஆனால் கடனில் சிக்கிய ஒரு வாரிசு பங்கைக் கேட்டாலே அந்த அம்மா வீட்டை விட்டு வெளியேறும் நிலை வரலாம். சொந்த ஊராக இருந்தால் பக்கத்தில் சகோதரர் வீடு இருக்கும். புது ஊரில் யார் இருக்கிறார்கள்?

வாரிசுக்கு எழுதும் வஸிய்யத், மற்ற வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் செல்லாது. மரண நோயில் எழுதிக் கொடுப்பதும் அந்தச் சட்டத்துக்குள் வந்துவிடும். ஆகவே கணவர் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும்போதே, வீட்டையோ அதில் ஒரு பாகத்தையோ மனைவிக்கு ஹிபாவாகக் கொடுத்து, உரிமையை ஒப்படைத்து, பதிவும் செய்வது ஒரு வழி. வாங்கும்போதே மனைவியின் பணமோ நகையோ சேர்ந்திருந்தால், அந்த அளவுக்கு அவர் பெயரையும் பத்திரத்தில் சேர்க்கலாம். பிள்ளைகளை உட்கார வைத்து, காரணத்தைச் சொல்லிச் செய்யுங்கள். யாருடைய உரிமையையும் பறிக்கும் எண்ணம் அதில் இருக்கக் கூடாது. ஆலிம் ஒருவரையும் வழக்கறிஞர் ஒருவரையும் கலந்துகொள்ளுங்கள்.

வீட்டைப் பிள்ளைகள் பெயருக்கு அவசரப்பட்டு எழுதிவிடவும் வேண்டாம். எழுதத்தான் வேண்டுமென்றால், பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். அப்படிச் சேர்த்திருந்து பராமரிப்பு கிடைக்காமல் போனால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிட்டு அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம்.

வாங்கும் முன் ஓராண்டு

ஊர் வீட்டை விற்றுவிட்டுத் திருச்சிக்கு வருவதைவிட, முதலில் ஓராண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள். 40 டிகிரியைத் தாண்டும் கோடை, ஐப்பசி மழை, ஒரு ரமலான், ஒரு பெருநாள் எல்லாம் அந்த ஓராண்டில் வந்துவிடும். பெருநாள் தொழுகை முடிந்து முஸாபஹா செய்ய எத்தனை பேர் வருகிறார்கள் என்று பாருங்கள். காய்ச்சலில் இரண்டு நாள் பள்ளிக்குப் போகாவிட்டால் யாராவது கதவைத் தட்டுகிறார்களா என்று பாருங்கள். தட்டினால் அங்கேயே வீடு தேடலாம். தட்டவில்லை என்றால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேறு மஹல்லாவைப் பார்க்க வேண்டியதுதான்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. வசதியான ஊரில் வீடு பிடித்துக் கொடுத்ததோடு பெற்றோருக்கான கடமை முடிந்துவிடாது. விமான நிலையம் பக்கத்தில் இருப்பது நீங்கள் அடிக்கடி வந்து போவதற்காகத்தான்.

முதுமையில் யாரிடமும் கையேந்தாத வாழ்வையும், ஈமானோடு பிரியும் மரணத்தையும், நம் பெற்றோருக்கும் நமக்கும் அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.