சிறுநீரகம் கெட்டால் குடலுக்கும் கேடு

அப்பாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. சோறு இறங்கவில்லை. "உடம்பில் தெம்பில்லை" என்று அம்மா ஆட்டெலும்பு சூப்பும் இரண்டு முட்டையும் கொடுக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா கோழிச் சாறு கொண்டு வருகிறார். எல்லாம் அன்பினால் செய்வதுதான். ஆனால், சிறுநீரகம் பழுதானவருக்கு இந்த அன்பே சுமையாகிவிடக்கூடும்.

இறைச்சி, மீன், முட்டை, பருப்பு ஆகியவற்றிலுள்ள புரதச் சத்தை உடல் பயன்படுத்தும்போது யூரியா என்னும் கழிவு உண்டாகிறது. நல்ல சிறுநீரகம் அதைச் சிறுநீரோடு வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் அது முடிவதில்லை. இரத்தத்தில் தேங்கும் யூரியா குடலுக்குள் இறங்குகிறது. அங்குள்ள கிருமிகள் அதை அம்மோனியாவாக மாற்றுகின்றன.

ரப்பர்ப் பால் உறையாமலிருக்க அம்மோனியா ஊற்றுவதைப் பார்த்தவர்களுக்கு அதன் காரம் தெரியும். கண்ணும் மூக்கும் எரியும். குடலில் உண்டாவது சிறிதளவுதான். ஆனால் நாள்தோறும் உண்டாகிறதே! குடலின் உட்சுவர் ஒரே வரிசையாக நிற்கும் மெல்லிய உயிரணுக்களால் ஆனது. செங்கற்களுக்கு இடையே சிமெண்டு போல அவற்றை இறுக்கிப் பிடிக்கும் இணைப்புகள் உண்டு. யூரியாவும் அம்மோனியாவும் அந்த இணைப்புகளைத் தளரச் செய்வதாக ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. சுவர் தளர்ந்தால், குடலோடு நிற்க வேண்டிய கிருமி நச்சு இரத்தத்தில் கலக்கிறது. அதனால் உடலுக்குள் ஓயாத அழற்சி உண்டாகிறது. இது இருதயத்துக்கும் கெடுதல்.

செரிக்காத புரதம் பெருங்குடலுக்குப் போனால், கிருமிகள் அதிலிருந்து வேறு நச்சுகளையும் உண்டாக்குகின்றன. மலச்சிக்கல் இருந்தால் தொல்லை இன்னும் கூடும். காய்கறிகளின் நார்ச்சத்தோ குடற்சுவருக்கு உரமாகிறது.

அப்படியானால் புரதத்தை அடியோடு விட்டுவிடலாமா? கூடவே கூடாது! இரத்தச் சுத்திகரிப்புத் தொடங்காத நோயாளிக்கு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.6 முதல் 0.8 கிராம் புரதம் என்பது பொதுவான அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 36 முதல் 48 கிராம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் இருக்கிறது. சோற்றிலும் ரொட்டியிலும் உள்ளதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

சுத்திகரிப்புத் தொடங்கிவிட்டால் கணக்கே மாறிவிடும். அப்போது கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம், அதாவது 60 முதல் 72 கிராம் தேவை. முன்பு சொன்ன பத்தியத்தையே பிடித்துக்கொண்டு கஞ்சி மட்டும் குடித்தால் உடல் உருகிவிடும்.

காய்கறியிலும் கவனம் வேண்டும். கீரை, வாழைப்பழம், இளநீர் ஆகியவற்றில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் பழுதானவருக்கு அது இருதயத் துடிப்பையே பாதிக்கலாம். எதை, எவ்வளவு என்பதை இரத்தச் சோதனையைப் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது இரத்தமும் சிறுநீரும் சோதித்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் பழுதென்று தெரிந்தால், மருந்தை வாங்கிக்கொண்டு உடனே திரும்பிவிடாதீர்கள். "அப்பாவுக்கு ஒரு நாளைக்கு எத்தனை முட்டை கொடுக்கலாம்?" என்று கேளுங்கள். சமைப்பவருக்குத் தெரிந்த அளவே நோயாளிக்குப் பாதுகாப்பு.