பிரைடல் பேக்கேஜ் 25,000 ரூபாய்… கல்யாணத்துக்கு அப்புறம் இஎம்ஐ யார் கட்டுவாங்க?

வல்லம் வடகால்ல 2024 ஆகஸ்ட்ல திறந்த சிப்காட் பெண்கள் தங்குமிடத்துல மட்டும் 18,720 படுக்கைகள். சுங்குவார்சத்திரம், ஒரகடம் பக்கம் தனியார் ஹாஸ்டல்கள் வேற. அதனால முகூர்த்த மாசம் வந்தாலே ரூம்ல யாராவது ஒருத்தர் பத்திரிகையோட நிற்பாங்க. மண்டபம், சாப்பாடு, நகை எல்லாம் பெரும்பாலும் வீட்டுக் கணக்கு. பார்லர் செலவு மட்டும் பொண்ணோட சொந்தச் சம்பளத்துல. நம்ம பேச்சு அந்தச் செலவைப் பத்திதான்.

கைக்கு 18,000 ரூபாய் வருதுன்னு வச்சுக்குவோம். ஃபேஷியல், ஹேர் ஸ்பா, மெஹந்தி, ரிசப்ஷன் மேக்கப், முகூர்த்த மேக்கப் எல்லாம் சேர்த்து பேக்கேஜ் 25,000. கல்யாணத்துக்கு ஒரு மாசம்தான் இருக்கு, கையில காசு இல்ல. லோன் ஆப்ல 24 சதவீத வட்டியில 12 மாசத் தவணை போட்டா, மாசம் சுமார் 2,364 ரூபாய். பிராசஸிங் ஃபீஸ் 2 சதவீதம், அதுக்கு ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்தா மொத்தம் கிட்டத்தட்ட 29,000.

நாலாயிரம் கூடுதலாப் போறதைவிடப் பெரிய பிரச்சினை ஒண்ணு இருக்கு. மேக்கப் ஒரு நாள்ல கலைஞ்சுடும், பன்னிரண்டு தவணையில பெரும்பகுதி கல்யாணத்துக்கு அப்புறம்தான் வரும். அப்போ நீங்க எந்த ஊர்ல இருப்பீங்க? அதே வேலையிலயா? இது சும்மா பயமுறுத்தல் இல்ல. இங்கே இருக்கிற ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையில திருமணமான பெண்களை வேலைக்கு எடுக்கிறதைத் தவிர்க்கிறாங்கன்னு 2024 ஜூன்ல ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் பாகுபாடு இல்லைன்னு மறுத்தது, மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. ஒரு வேலையை விட்டா அடுத்தது உடனே கிடைக்கும்னு நம்பி இஎம்ஐ போடக் கூடாது. சம்பளம் நின்னாலும் தவணைத் தேதி நிற்காது. தவறினா அடி விழறது உங்க பேர்ல இருக்கிற சிபில் ஸ்கோர்ல. நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது அது முன்னாடி வந்து நிற்கும்.

"ஜீரோ வட்டி இஎம்ஐதானே?"ன்னு கேட்கலாம். ஜீரோ வட்டின்னு ஒண்ணே கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013லயே வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. வட்டி வேற பேர்ல உள்ளே இருக்கும். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி கீ ஃபேக்ட் ஸ்டேட்மெண்ட்ல வருடாந்திர மொத்தச் செலவு எத்தனை சதவீதம்னு பாருங்க.

அடுத்து பிஎஃப். பழைய விதியில கல்யாணத்துக்குப் பணம் எடுக்க ஏழு வருஷ உறுப்பினர் காலம் வேணும். அதை 12 மாசமாக் குறைக்கிறதா 2025 அக்டோபர் 13ஆம் தேதி இபிஎஃப்ஓ அறங்காவலர் குழு முடிவெடுத்தது. எடுக்க முடியும்ங்கிறதுக்காக மேக்கப்புக்கு எடுக்கணுமா? 8.25 சதவீத வட்டி அப்படியே நீடிச்சா, 25,000 ரூபாய் 30 வருஷத்துல 2.6 லட்சத்தைத் தாண்டும். தாலிக்குத் தங்கம் வாங்க எடுத்தாக்கூட ஒரு அர்த்தம் இருக்கு.

பேச்சுவார்த்தை ஆரம்பிச்ச மாசமே பேங்க் ஆப்ல மாசம் 3,000 ரூபாய்க்கு எட்டு மாச ஆர்டி போட்டுடுங்க. 24,000 அசல், ஆறரை சதவீத வட்டின்னா மேல சுமார் 580 ரூபாய். தேதி தள்ளிப் போனாலும் பணம் உங்க பேர்லயே இருக்கும்.

பில்லையும் கவனிங்க. 2025 செப்டம்பர் 22லிருந்து பார்லர் சேவைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்துலிருந்து 5 ஆயிடுச்சு. 25,000 ரூபாய்க்கு முன்னாடி 29,500 ஆச்சு, இப்போ 26,250. உள்ளீட்டு வரிச் சலுகை போனதால சில பார்லர்கள் அடிப்படை விலையை ஏத்தலாம், அதனால மொத்தத் தொகையைக் கேட்டு ஒப்பிடுங்க. வீட்டுக்கு வந்து மேக்கப் போடுற ஆர்டிஸ்ட் ஜிஎஸ்டி பதிவு பண்ணலைன்னா அவங்க ஜிஎஸ்டி வாங்கக் கூடாது. பில்லுல ஜிஎஸ்டிஐஎன் எண் இருக்கான்னு பார்த்தாப் போதும்.

எட்டு மாசம் கையில இருந்தா சருமத்துக்கும் நல்லது. நைட் ஷிஃப்ட், நாள் முழுக்க மாஸ்க்னு இருக்கிற முகத்தைக் கடைசி வாரத்துல 5,000 ரூபாய் ஃபேஷியல் சரிபண்ணாது. பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, ரோஜா இதழ் போட்டு அரைச்ச நலங்கு மாவை நாட்டு மருந்துக் கடையில கேட்டாலே கொடுப்பாங்க. முகத்துல பரு இருந்தா அந்தக் காசுக்கு ஒரு தோல் டாக்டரைப் பார்க்கிறது மேல்.

ஒரே வாரத்துல வெளுப்பாக்குற, லேபிள்ல தயாரிப்பாளர் பேர் இல்லாத க்ரீம் மட்டும் வேண்டவே வேண்டாம். கேரளா மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்ல 2021 ஜூலைலிருந்து 2023 செப்டம்பர் வரைக்கும் ஒருவகை சிறுநீரக பாதிப்போட வந்த 22 பேரை டாக்டர்கள் ஆராய்ஞ்சாங்க. அதுல 13 பேர் சிவப்பழகு க்ரீம் போட்டவங்க. காரணம் க்ரீம்ல இருந்த பாதரசம். அந்த வைத்தியச் செலவுக்கு எந்த ஆர்டியும் பத்தாது. உடனே கறுப்பாப் பிடிக்கிற "பிளாக் மெஹந்தி"யும் அப்படித்தான், அதுல தலைச்சாய ரசாயனம் கலந்திருக்கும், கை கொப்பளிக்கும். நல்ல மருதாணி ஆரஞ்சா ஆரம்பிச்சு, ஒண்ணு ரெண்டு நாள்லதான் அடர் நிறமாகும்.

அட்வான்ஸ் கொடுக்கும்போது பேக்கேஜ்ல என்னென்ன இருக்கு, தேதி மாறினா அட்வான்ஸ் என்ன ஆகும், அதிகாலை முகூர்த்தத்துக்கு மண்டபத்துக்கு வர தனிக் கட்டணமான்னு மூணையும் வாட்ஸ்அப்ல எழுதி வாங்கிக்கோங்க. ஜிபேல போட்டா ஸ்கிரீன்ஷாட்டும் அதே சாட்ல இருக்கட்டும்.